குழந்தைக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்த விஞ்ஞானி: ஜான் வாட்சன் கதையும் இன்றைய தெரபி விதிகளும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பிஹேவியர் தெரபியில், குழந்தையோடு தரையில் உட்கார்ந்து அதிக நேரம் செலவிடுபவர் பெரும்பாலும் டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ அல்ல. வேலைக்குப் புதிதாக வந்த டெக்னீஷியன்தான். அமெரிக்காவில் இந்த வேலைக்கென்று தனிச் சான்றிதழ், ஒழுக்க விதிகள், கட்டாய மேற்பார்வை எல்லாம் இருக்கின்றன. திட்டத்தை நீங்களாக மாற்றக் கூடாது, குழந்தையின் போட்டோவைப் பகிரக் கூடாது, விலையுயர்ந்த பரிசை வாங்கக் கூடாது என்று பட்டியல் நீள்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு இது கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். இவ்வளவு கெடுபிடி எதுக்கு?

அதைப் புரிந்துகொள்ள, 100 ஆண்டுகளுக்கு முன் எந்தக் கெடுபிடியும் இல்லாமல் வேலை செய்த ஒருவரின் வாழ்க்கையைப் பார்க்கலாம். அவர் பெயர் ஜான் பி. வாட்சன்.

யார் இந்த வாட்சன்?

1878இல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில், ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு மதப்பற்று அதிகம். படிப்புதான் வாட்சனை மேலே கொண்டுவந்தது. 1903இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம், 1908இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை.

1913இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை உளவியலின் போக்கையே மாற்றியது. மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதை விடுங்கள், கண்ணால் பார்க்கவும் அளக்கவும் முடிந்த நடத்தையை மட்டும் ஆராயுங்கள் என்பதுதான் அதன் சாரம். இதற்குப் பெயர் நடத்தையியல். இன்றைக்கு டெக்னீஷியன்கள் செஷனில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று கணக்கெடுத்து எழுதுகிறார்கள் இல்லையா? அந்தப் பழக்கத்தின் வேர் இந்தச் சிந்தனையில் இருக்கிறது. 1915இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானபோது அவருக்கு வயது 37.

ஒரு குழந்தை, ஒரு வெள்ளை எலி

பயம் பிறவியிலேயே வருகிறதா, பழக்கத்தில் வருகிறதா? இதைக் கண்டுபிடிக்க வாட்சனும் அவருடைய மாணவி ரோசலி ரெய்னரும் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய குழந்தைகள் மருத்துவமனையில் பாலூட்டும் தாயாக வேலை பார்த்த ஒரு பெண்ணின் மகன் அவன். ‘லிட்டில் ஆல்பர்ட்’ என்ற பெயரில்தான் உலகம் அவனை அறியும்.

ஒன்பது மாதத்தில் அவனுக்கு எலி, முயல், நாய், முகமூடி எதைக் கண்டும் பயமில்லை. பதினோரு மாதத்தில் சோதனை தொடங்கியது. அவன் வெள்ளை எலியைத் தொடப் போகும்போது, தலைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஒரு வார இடைவெளியில் மொத்தம் ஏழு முறை. அதற்குப் பிறகு சத்தமே தேவைப்படவில்லை. எலியைப் பார்த்ததுமே அழுதான், தவழ்ந்து விலகினான். சில நாட்களில் முயல், நாய், உரோமக் கோட் ஆகியவற்றுக்கும் பயம் பரவியது.

பயந்தபோதெல்லாம் ஆல்பர்ட் கட்டைவிரலை வாயில் வைத்துத் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொண்டான். அப்படிச் செய்தால் பயம் வெளியே தெரியவில்லை என்பதால், ஆய்வாளர்கள் அவன் விரலைத் திரும்பத் திரும்ப வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1920இல் வெளியான கட்டுரையில் இதை அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

எங்கே தப்பு நடந்தது?

தொடங்கும் முன் தங்களுக்குத் தயக்கம் இருந்ததையும் அதே கட்டுரை ஒப்புக்கொள்கிறது. ஆனால் எப்படியும் வீட்டுக்குப் போனால் இந்தக் குழந்தை இதுபோன்ற பயங்களைச் சந்திக்கத்தான் போகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். தயக்கம் வந்த அந்த நேரத்தில் போய்க் கேட்க வெளியாள் யாரும் இல்லை. நிறுத்து என்று சொல்லக்கூடிய இடத்திலும் யாரும் இல்லை. அறையில் இருந்த இன்னொருவர் வாட்சனுக்குக் கீழே படித்துக்கொண்டிருந்த மாணவி. தாயிடம் முழு விவரம் சொல்லி சம்மதம் வாங்கியதாகக் கட்டுரையில் எந்தக் குறிப்பும் இல்லை.

பயத்தை உண்டாக்கியவர்கள் அதை நீக்கவும் இல்லை. குழந்தை மருத்துவமனையை விட்டுப் போய்விட்டதால் வாய்ப்பு கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். பயத்தைப் போக்கும் வழிகள் என்று சிலவற்றைக் கட்டுரையில் அடுக்கினார்கள், அவ்வளவுதான். அந்தக் குழந்தை யார், பின்னால் என்ன ஆனான் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை போனது, ஆனா இதுக்காக இல்லை

1920லேயே பல்கலைக்கழகம் வாட்சனை வெளியேற்றியது. காரணம் ஆல்பர்ட் அல்ல. திருமணமானவரான வாட்சனுக்கும் ரோசலிக்கும் இருந்த உறவு வெளியே தெரிந்து, விவாகரத்து வழக்கு பத்திரிகைகளில் நாறியது. குடும்ப மானம் பற்றிப் பேசியவர்கள், அழவைக்கப்பட்ட குழந்தையைப் பற்றிப் பேசவில்லை.

இதில் இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. வழிகாட்டியும் மாணவியும் காதலர்களாகிவிட்டால், ஒருவர் வேலையை இன்னொருவர் நடுநிலையோடு எடைபோட முடியுமா? இன்றைய விதிகள் டெக்னீஷியனுக்கும் சூப்பர்வைசருக்கும் இடையிலான காதல் உறவைத் தடுப்பது இதனால்தான்.

விவாகரத்துக்குப் பின் வாட்சன் ரோசலியை மணந்தார். ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து, 1924இல் துணைத் தலைவரானார்.

அதே அறிவு, எதிர்த் திசை

அதே 1924இல் ரோசலியின் கல்லூரித் தோழி மேரி கவர் ஜோன்ஸ் ஒரு ஆய்வை வெளியிட்டார். பீட்டர் என்ற சிறுவனுக்கு மூன்று வயது நிறையவில்லை. முயல், எலி, உரோமக் கோட், பஞ்சு என்று பலவற்றுக்கும் பயம், கிட்டத்தட்ட ஆல்பர்ட்டைப் போலவே. ஆனால் இவனுக்கு யாரும் அதை உண்டாக்கவில்லை.

முதலில், முயலுக்குப் பயப்படாத குழந்தைகளோடு பீட்டரை விளையாட விட்டார் மேரி. முன்னேற்றம் தெரிந்த நேரத்தில் பீட்டருக்குக் காய்ச்சல். குணமாகித் திரும்பும்போது ஒரு பெரிய நாய் மிரட்டியதில் பழைய பயம் முழுதாகத் திரும்பியது. மேரி முறையை மாற்றினார். பீட்டர் பிடித்ததைச் சாப்பிடும்போது, முயல் கூண்டைத் தொலைவில் வைத்தார். அவன் சாப்பாடு தடைபடாத அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான், அது விரலைக் கொறிக்கவும் விட்டான்.

இந்த வேலைக்கு ஆலோசனை சொன்னவர் அதே வாட்சன்தான்! ஆனால் இங்கே நோக்கம் குழந்தையின் நலன், வேகத்தை முடிவு செய்தது குழந்தையின் முகம். பிஹேவியர் தெரபியின் தாய் என்று மேரியை அழைப்பது இந்த ஆய்வுக்காகத்தான்.

தெரிந்ததைத் தாண்டிப் பேசினால்?

1928இல் வாட்சன் குழந்தை வளர்ப்பு நூல் ஒன்றை எழுதினார். குழந்தையைக் கட்டிப்பிடிக்காதீர்கள், மடியில் வைக்காதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்பது மாதிரியான அறிவுரைகள் அதில் இருந்தன. புத்தகம் நன்றாக விற்றது. ஆதாரம்தான் இல்லை. எழுதும் அளவுக்குத் தனக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார்.

இன்றைக்கும் இது நடக்கக்கூடியதுதான். ஆறு மாத அனுபவம் உள்ள டெக்னீஷியனிடம் ஒரு அம்மா, இவன் எப்போ பேசுவான், மருந்தை நிறுத்தலாமா என்று கேட்பார். நல்ல மனசோடு பதில் சொல்லத் தோன்றும். ஆனால் அது அவருடைய எல்லைக்கு வெளியே. சூப்பர்வைசரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பதுதான் சரியான பதில்.

1935இல் ரோசலி இறந்தார். வாட்சன் மெல்ல ஒதுங்கி வாழத் தொடங்கினார். வெளியிடாத தாள்களை எரித்துவிட்டு, 1958இல் 80ஆவது வயதில் காலமானார்.

விதிகள் எப்படி வந்தன?

வாட்சன் உச்சத்தில் இருந்த காலத்தில் அமெரிக்க உளவியலாளர்களுக்கு எழுதப்பட்ட ஒழுக்க விதித் தொகுப்பே கிடையாது. முதல் தொகுப்பு 1953இல்தான் வந்தது.

அதுவும் போதவில்லை. 1970களின் தொடக்கத்தில் மயாமியில் இருந்த சன்லேண்ட் மையத்தில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் கொடுமைப்படுத்தியது தெரியவந்தது. அடி, அவமானம் எல்லாம் நடத்தை மாற்றச் சிகிச்சை என்ற பெயரில் நடந்தன. செய்தவர்கள் போதிய பயிற்சியும் கண்காணிப்பும் இல்லாத கீழ்நிலை ஊழியர்கள். விசாரணைக்குப் பின் ஃபுளோரிடா மாநிலம் வழிமுறைகளையும் சான்றிதழ் முறையையும் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக 1998இல் நடத்தை ஆய்வாளர்களுக்கான சான்றிதழ் வாரியமும், 2014இல் டெக்னீஷியன் சான்றிதழும் வந்தன.

இன்றைய டெக்னீஷியனுக்கு என்ன விதி?

* 40 மணி நேரப் பயிற்சி, செயல்திறன் மதிப்பீடு, தேர்வு.

* மாதம் வேலை செய்யும் நேரத்தில் குறைந்தது 5% மேற்பார்வை. 100 மணி நேரம் வேலை என்றால் 5 மணி நேரம். குழந்தையோடு வேலை செய்வதை சூப்பர்வைசர் நேரடியாகப் பார்க்கவும் வேண்டும்.

* சிகிச்சைத் திட்டத்தை வகுப்பது சூப்பர்வைசர். அதை நீங்களாக மாற்றக் கூடாது.

* நடந்ததை நடந்தபடி பதிவு செய்ய வேண்டும். விட்டுப்போன டேட்டாவை வீட்டில் உட்கார்ந்து குத்துமதிப்பாக நிரப்பினால், அதை நம்பி அடுத்த முடிவு தப்பாகப் போகும்.

* குழந்தையை அடையாளம் காட்டும் படம், வீடியோ எதுவும் சோஷியல் மீடியாவில் கூடாது. ஆல்பர்ட் அழும் படச்சுருள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

* குழந்தைக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் புகார் சொல்ல வேண்டும், அது மூத்தவர் செய்தாலும்.

கடைசி விதிதான் ரொம்பக் கஷ்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரிய பெயர் உள்ளவரிடம் இது சரியில்லை என்று சொல்வது எளிதல்ல. அதனால்தான் புகார் சொல்வதை அவரவர் தைரியத்துக்கு விட்டுவிடாமல், கடமையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேற்பார்வை இருப்பது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. செஷன் நடுவே குழந்தை வழக்கத்தைவிட அதிகமாக அழுகிறது, திட்டப்படி தொடரலாமா என்று உங்களுக்குத் தயக்கம் வருகிறது. வாட்சனுக்கும் ரோசலிக்கும் வந்த அதே தயக்கம்தான். அவர்கள் தங்களுக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். உங்களுக்குப் போன் எடுத்துக் கேட்க ஒருவர் இருக்கிறார். கேளுங்கள்.