அண்ணல் சேர்ந்த கல்லூரிகள்

பிளஸ் 2 தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் தெருக்களில் ஒரே பேச்சு, எந்தக் காலேஜ் என்பதுதான். எந்தப் பாடம் என்று கேட்பவர்கள் குறைவு. பஸ் ஊருக்குள் வருமா, கழுத்தில் டை கட்டுவார்களா, பெயரைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியுமா என்றெல்லாம் பார்க்கிறோம். பைபாஸ் ரோட்டில் பெரிய போர்டு வைத்திருக்கும் கல்லூரியில் மகனைச் சேர்க்க, அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. பக்கத்து டவுனில் இருக்கும் அரசுக் கலைக் கல்லூரியில் நல்ல பேராசிரியர்கள் இருந்தாலும், அங்கே சேர்ந்தால் மதிப்பில்லை என்று நினைக்கிறோம்.

இந்த நினைப்பைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக மதிப்பு மறுக்கப்பட்டவர்கள், பிள்ளையின் கல்லூரிப் பெயரிலாவது அது கிடைக்காதா என்று ஏங்குகிறார்கள். ஆனால் நம் வீட்டுச் சுவர்களில் கோட்டும் சூட்டுமாகப் படத்தில் இருக்கும் அண்ணல் அம்பேத்கர், அவர் காலத்துப் பெரிய கல்லூரிகள் பலவற்றில் படித்தவர். அந்தப் பெயர்கள் அவருக்கு எதைக் கொடுத்தன, எதைக் கொடுக்கவில்லை என்பதைப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் இந்த நேரத்தில் தெரிந்துகொள்வது நல்லது.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர் பீமராவ். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். சதாராவில் பள்ளிக்கூடம் போனபோது வகுப்பில் தனியாகக் கோணிப்பையில் உட்கார்ந்ததும், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று இருந்ததும் நம் வாசகர்கள் பலமுறை படித்தவை. அதிகம் பேசப்படாதது ராம்ஜியின் பாடு. பென்ஷன் பணத்தில் குடும்பம் ஓட்டிய அவர், மகன் புத்தகம் கேட்டால், கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நகையை இரவல் வாங்குவார். அதை அடகு வைத்துப் புத்தகம் வாங்கித் தந்துவிட்டு, பென்ஷன் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். அந்த வீட்டிலும் நகை அடகுக்குப் போயிருக்கிறது. ஆனால் அது புத்தகத்துக்காகப் போனது.

பம்பாய் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் இருந்தது. மகன் முன்னிரவில் தூங்க, தந்தை விழித்திருந்து, இரவு 2 மணிக்கு அவரை எழுப்பிப் படிக்கவைப்பார். எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பீமராவுக்கு சமஸ்கிருதம் படிக்க ஆசை. தீண்டத்தகாத மாணவருக்கு அதைக் கற்பிக்க மறுத்ததால் பாரசீகம் எடுத்தார். 1907-இல் மெட்ரிக் தேறினார். கேலுஸ்கர் என்ற ஆசிரியர் அவரைப் பாராட்டித் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பின்னர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் சொல்லி, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கவும் வழி செய்தார்.

அந்தப் பணத்தில்தான் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு. பம்பாய் மாகாணத்தில் அன்று அதைவிடப் பெரிய பெயர் எடுத்த கல்லூரிகள் சொற்பம். ஆனால் அதன் விடுதிக்காரர் பீமராவுக்குத் தேநீரும் தரமாட்டார், தண்ணீரும் தரமாட்டார். அதே கல்லூரியில் முல்லர் என்ற பேராசிரியர் அவருக்குத் தம் புத்தகங்களை இரவல் கொடுத்தார், உடுத்தத் துணியும் கொடுத்தார். கல்லூரியைப் பெயரைக் கொண்டு எடைபோட முடியாது என்பதற்கு இந்த இரண்டு மனிதர்களே போதும்.

பி.ஏ. முடித்து பரோடா சமஸ்தான வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே, 1913 பிப்ரவரியில், தந்தை காலமானார். அதே ஆண்டு, சில மாணவர்களை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப கெய்க்வாட் முடிவு செய்தபோது பீமராவும் தேர்வானார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. திரும்பி வந்து சமஸ்தானத்தில் பத்து ஆண்டு வேலை பார்க்கவேண்டும் என்று ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்தார்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். கொலம்பியா அவர் தேடிப் பிடித்த பெயர் அல்ல. உதவித்தொகை அங்கே படிக்கத்தான் கிடைத்தது. கல்லூரியை மன்னர் முடிவு செய்தார். அங்கே எதைப் படிப்பது, யாரிடம் படிப்பது என்பதை பீமராவ் பார்த்துக்கொண்டார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4 என்று எடுத்துக் குவித்தார். பட்டத்துக்கு இவ்வளவு தேவையே இல்லை. செலிக்மனிடம் பொதுநிதியும், ஜான் டூயியிடம் தத்துவமும் கேட்டார். மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசரின் வகுப்பில்தான் 1916 மே 9 அன்று, இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றி எப்படிப் பரவின என்ற கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு 25 வயது. ஊரில் கிணற்றுப் பக்கம் விடாத சாதியை ஓர் ஆய்வுப் பொருளாக மேசைமேல் வைத்து அறுத்துப் பார்க்கும் பயிற்சியை அங்கே பெற்றார். சாப்பாட்டுச் செலவைச் சுருக்கிப் பழைய புத்தகக் கடைகளில் சுமார் 2,000 புத்தகங்கள் வாங்கினார். ஊருக்கு அனுப்பச் சொல்லி ஒரு நண்பரிடம் விட்டுவந்ததில் பல தொலைந்துபோயின.

1916-இல் லண்டன் போய், லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் வழக்கறிஞர் படிப்புக்காக கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் பாதியில் திரும்ப நேர்ந்தது. போர்க்காலம். அவருடைய பெட்டிகள் ஏற்றிவந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. அதற்கு நஷ்டஈடாகக் கிடைத்த 600 ரூபாயில்தான் வேலையில் சேர பரோடா போனார்.

அங்கே நடந்ததை, பெரிய கல்லூரிப் பெயர் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நம்புகிற ஒவ்வொருவரும் படிக்கவேண்டும். கொலம்பியாவில் எம்.ஏ. பெற்று, லண்டனிலும் படித்துவிட்டு வந்தவருக்கு பரோடா நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் பார்சிகள் கூட்டமாகத் தடியோடு வந்து, வெளியேறச் சொல்லி மிரட்டினார்கள். ஓர் இந்து நண்பரிடம் கேட்டார், ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் கேட்டார், இடம் கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் பியூன்கள் ஃபைல்களைத் தூர நின்று மேசைமேல் வீசினார்கள். கொலம்பியாவின் பெயர் அந்தப் பியூனின் கையைக்கூடத் தடுக்கவில்லை.

இப்படி நடந்த பிறகு படிப்பே வீண் என்று ஒருவர் முடிவு செய்திருந்தால் யாரும் குற்றம் சொல்லமுடியாது. அவர் செய்தது வேறு. 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். உடன் வேலை பார்த்த சிலர் பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்கள். அவர் நடத்திய பாடத்தைக் கேட்கவோ வேறு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவினார். கொலம்பியாவில் அறைத்தோழராக இருந்த நவல் பதேனா என்ற பார்சி நண்பர் 5,000 ரூபாய் கடன் தந்தார். பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. பாதியில் விட்ட படிப்பை முடிக்க 1920-இல் மறுபடியும் லண்டன் போனார்.

அந்த லண்டன் வாழ்க்கையில் பகட்டு ஏதும் இல்லை. அரை வயிற்றுச் சாப்பாடு. காலையில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது உள்ளே போனால், மூடும்போதுதான் வெளியே வருவார். ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வேட்டைத் திருத்தச் சொல்லித் திருப்பினார்கள். திருத்திக் கொடுத்து 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். பாரிஸ்டர் பட்டமும் கையில் இருந்தது. மேலதிகாரி என்று ஒருவருக்குக் கீழே இருந்தால் என்ன ஆகும் என்பதை பரோடா காட்டியிருந்தது. வழக்கறிஞர் தொழில், யாரிடமும் கைகட்டாமல் பொதுவேலை செய்ய இடம் கொடுத்தது. நம் பிள்ளைகள் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, இந்தப் படிப்பு நம்மை யாருக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தும் என்ற கேள்வியை எத்தனை பேர் கேட்கிறோம்?

அப்படியும் உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் வந்து குவியவில்லை. சாதி அங்கேயும் வந்து நின்றது. சன்னத் எடுப்பதற்கே பதேனாதான் பணம் கொடுத்தார். ஏழைகளின் வழக்குகள், வெளியூர் வழக்குகள் என்றுதான் தொழில் ஆரம்பமானது. 1935-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கே முதல்வரானார்.

அண்ணல் பட்டங்களை வெறுத்தவர் என்று நாம் சொல்லவரவில்லை. தம் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளுக்கு என்ன பலம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வட்டமேசை மாநாட்டில் பிரிட்டிஷ்காரர்களுக்கு எதிரே சரிசமமாக உட்கார்ந்து பேசியபோது அந்த எழுத்துகளும் உடன் இருந்தன. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, தலித் மாணவர்கள் உயர்கல்வி பெற அரசு பணம் ஒதுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். இன்று நம் பிள்ளைகள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. ஆகவே பெரிய கல்லூரிக்கு ஆசைப்படாதே, இருக்கிற இடத்தில் இரு என்று யாராவது அவர் பெயரைச் சொல்லி அறிவுரை சொன்னால் நம்பவேண்டாம். ஐஐடியில் இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது போகத்தான் வேண்டும். நாம் சொல்வது போர்டைப் பார்த்துப் பணம் கட்டும் கல்லூரிகளைப் பற்றி. அங்கே எத்தனை பேராசிரியர்கள் நிரந்தரமாக இருக்கிறார்கள், நூலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, உதவித்தொகை வரும்வரை பொறுப்பார்களா, அல்லது முதலில் பணத்தைக் கட்டு என்று சான்றிதழைப் பிடித்து வைப்பார்களா என்று விசாரிக்கவேண்டும். ஊருக்குள் வரும் ஏஜென்ட் இதையெல்லாம் சொல்லமாட்டார். ஏற்கெனவே அங்கே படிக்கும் நம் தெருப் பிள்ளை சொல்லும்.

அண்ணலே கல்லூரி தொடங்கியபோது என்ன செய்தார் என்பதும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டியது. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946 ஜூன் 20 அன்று பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறந்தது. கம்பீரமான கட்டடத்துக்குக் காத்திருக்கவில்லை. ராணுவம் விட்டுப்போன தற்காலிகக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. பகலில் வேலைக்குப் போகும் ஏழை மாணவர்களுக்காகக் காலையிலேயே பாடம் வைத்தார்கள். எல்லாச் சாதி மாணவர்களுக்கும் கதவு திறந்திருந்தது.

அடுத்த கல்லூரிக்கு 1950-இல் அவர் தேர்ந்தெடுத்த ஊர் அவுரங்காபாத். நிஜாம் ஆட்சியில் கிடந்த மராத்வாடா பகுதி அது. கல்லூரி என்றால் பெரும்பாலோர் ஹைதராபாத் வரை போகவேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? அந்தக் கல்லூரிக்குப் பின்னர் மிலிந்த் என்று பெயர் வந்தது. நாகசேனர் என்ற பிக்குவிடம் கேள்விமேல் கேள்வி கேட்டு, பதில் சரி என்று பட்டதும் ஒப்புக்கொண்ட அரசர் மிலிந்தர். கிராமங்களிலிருந்து வந்து அங்கே படித்த முதல் தலைமுறையிலிருந்து மராத்தி தலித் எழுத்தாளர்கள் பலர் வந்தார்கள். அந்த இலக்கியத்துக்கு ஆரம்பத்தில் தோள் கொடுத்த எம்.என்.வான்கடே அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

1952 ஜூன் 5 அன்று கொலம்பியா பல்கலைக்கழகம் அண்ணலை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர் சேர்த்த புத்தகங்களில் ஒரு பகுதி மும்பை சித்தார்த்தா கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அவற்றில் ஜான் டூயி எழுதியவையும் உண்டு. பக்க ஓரங்களில் அண்ணல் பென்சிலால் போட்ட கோடுகளை இன்றும் அங்கே பார்க்கலாம்.