‘புதையல் தீவு’ எழுதியவர் நிஜத் தீவில் குடியேறியபோது என்ன நடந்தது? ஸ்டீவன்சனின் சமோவா வாழ்க்கை

‘வேலையை விட்டுட்டு ஏதாவது ஒரு தீவுல போய் செட்டில் ஆகிடலாமா?’ திங்கட்கிழமை காலையில் இப்படி ஒரு முறையாவது யோசிக்காதவர்கள் குறைவு. தென்னை மரம், நீலக் கடல், மடியில் லேப்டாப். ரீல்ஸில் பார்த்தால் வேறென்ன வேணும் என்றுதான் தோன்றும்.

130 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இதை நிஜமாகவே செய்தார். அதுவும் தீவை வைத்துக் கதை எழுதிப் புகழ்பெற்றவர். அவர் பெயர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் சமோவாவில் அவருக்கு என்ன கிடைத்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார்? பார்ப்போம்.

யார் இந்த ஸ்டீவன்சன்?

1850-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். கலங்கரை விளக்கங்கள் கட்டும் பொறியாளர் குடும்பம். அப்பா இன்ஜினீயர் ஆக்கப் பார்த்தார். மகன் சட்டம் படித்து முடித்தார். கடைசியில் எழுத்தாளர் ஆனார். 1883-ல் ‘புதையல் தீவு’ (ட்ரெஷர் ஐலண்ட்) புத்தகமாக வந்தது. ஒரே ஆளுக்குள் இரண்டு மனிதர்கள் என்று எந்தப் படம் வந்தாலும் விமர்சனங்களில் அடிபடுமே, அந்த ‘ஜெக்கில் அண்ட் ஹைட்’ கதையும் இவருடையதுதான். அது வந்தது 1886-ல்.

ஏன் தீவுக்குப் போனார்?

ஊர் சுற்ற அல்ல, உயிர் பிழைக்க. சின்ன வயதிலிருந்தே நுரையீரல் கோளாறு. இருமினால் ரத்தம் வரும். ஸ்காட்லாந்தின் குளிரும் ஈரமும் அவரைப் படுக்கையிலேயே போட்டு வைத்தன. 1887-ல் அப்பா இறந்ததும் குடும்பத்தோடு அமெரிக்கா கிளம்பினார். 1888-ல் சான் பிரான்சிஸ்கோவில் ‘காஸ்கோ’ என்ற பாய்மரக் கப்பலை வாடகைக்கு எடுத்து பசிபிக்கில் இறங்கினார். மார்க்கெசாஸ், தஹிதி, ஹவாய் என்று சுற்றி, 1889 டிசம்பரில் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் வந்து இறங்கினார்.

கடல் காற்றில் உடம்பு தேறியது. ஆனால் 1890 தொடக்கத்தில் சிட்னிக்குப் போனதுமே மறுபடியும் படுத்துவிட்டார். அப்போதுதான் விஷயம் உறைத்தது: இனி ஊர் திரும்ப முடியாது. வெப்பத் தீவு என்பது அவருக்கு ஆசை அல்ல, வேறு வழி இல்லாத முடிவு.

நிலம் வாங்கியாச்சு, அப்புறம்?

ஆப்பியாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், வயேயா மலையடிவாரத்தில் 300 ஏக்கருக்கும் மேல் காட்டு நிலம் வாங்கினார். இடத்தின் பெயர் வைலிமா. பேப்பரில் பார்க்க எஸ்டேட். நேரில் பார்த்தால் அடர்ந்த காடு. வெட்டிய இடத்தில் சில நாட்களில் செடி கொடி மீண்டும் மூடிக்கொள்ளும். மழை பிடித்தால் பாதை சேறாகிவிடும். முதல் சில மாதங்கள் ஸ்டீவன்சனும் மனைவி ஃபேனியும் ஒரு சின்ன மர வீட்டில்தான் இருந்தார்கள்.

1891-ல் பெரிய வீடு தயாரானது. கூடத்துக்கான செம்மரப் பலகைகள் கலிபோர்னியாவிலிருந்து வந்தன. மேசை நாற்காலிகள் பிரிட்டனிலிருந்து வந்தன. வேடிக்கை என்னவென்றால், ஆண்டு முழுக்க வியர்க்கும் ஊரில் அந்த வீட்டுக்குக் குளிர்காயும் கணப்பு அடுப்பும் கட்டினார்கள்! ஊரை விட்டு வந்தாலும் ஊர் அவரை விடவில்லை.

செலவுக்கு யார் பணம் அனுப்பினார்?

யாரும் இல்லை. பேனாதான். அம்மா, மனைவி, மனைவியின் பிள்ளைகள், வேலையாட்கள் என்று வீடு நிறைய ஆட்கள். ஃபேனி முன்னின்று தோட்டம் போட்டார். கோகோ உட்படப் பல பயிர்களை நட்டுப் பார்த்தார்கள். பண்ணை ஒருநாளும் லாபம் தரவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து எழுத உட்கார்ந்தால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலை.

கதையை லண்டனுக்கு அனுப்பவும் பதில் பெறவும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு தபால் கப்பல். பதிப்பாளரிடம் ஒரு கேள்வி கேட்டால் விடை வர மாதங்கள் ஆகும். இன்றைய மொழியில் சொன்னால், ‘ரிமோட் வொர்க்’ தான். ஆனால் நெட்வொர்க் மாதம் ஒரு முறைதான் கிடைக்கும்.

தனிமையும் சும்மா விடவில்லை. 1893-ல் ஃபேனியின் மனநலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. தீவு கணவருக்குக் கொடுத்த ஆரோக்கியத்தை மனைவிக்குக் கொடுக்கவில்லை.

அது யாருடைய நிலம்?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. சமோவாவில் நிலம் தனி ஆளுக்குச் சொந்தமானது அல்ல. ‘ஐங்கா’ எனப்படும் பெருங்குடும்பத்துக்குச் சொந்தம்; அதன் தலைவர் ‘மத்தாய்’ நிர்வகிப்பார். வெளியிலிருந்து வந்தவர்கள் துப்பாக்கிக்கும் துணிக்கும் ஈடாக நிலத்தை எழுதி வாங்கிக் குவித்திருந்தார்கள். எந்த அளவுக்கு? வெளிநாட்டினர் உரிமை கோரிய நிலத்தைக் கூட்டிப் பார்த்தால், சமோவாவின் மொத்தப் பரப்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது! பின்னர் விசாரணை ஆணையம் அதில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது.

ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய மூன்று வல்லரசுகளும் தீவுக்காக முட்டிக்கொண்டிருந்தன. 1889 மார்ச்சில் ஆப்பியாவில் ஜெர்மன், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் முறைத்துக்கொண்டு நிற்கும்போதே புயல் அடித்தது. இரு தரப்பிலும் சேர்த்து 6 கப்பல்கள் உடைந்தும் கரை தட்டியும் போயின. அதே ஆண்டு மூன்று நாடுகளும் பெர்லினில் ஒப்பந்தம் போட்டு, மலியேட்டோவா லாவுபெபாவை மன்னராக ஏற்றன. மக்களிடம் பெரும் ஆதரவு பெற்றிருந்த மதாஃபா ஓரங்கட்டப்பட்டார்.

வந்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா?

இல்லை. நம்ம ஊர் இல்லையே, நமக்கு எதுக்கு வம்பு என்று அவர் ஒதுங்கவில்லை. அதிகாரிகளின் முறைகேடுகளை லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதங்களாக எழுதினார். 1892-ல் சமோவா பிரச்னையைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார். மதாஃபாவை வெளிப்படையாக ஆதரித்தார்.

பலன்? பிரிட்டிஷ் உயர் ஆணையர் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தார். சமோவா அரசுக்கு எதிராகப் பேசும், எழுதும் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு அபராதமும் சிறையும் உண்டு என்றது அந்த விதி. குறி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாடு கடத்தப்படலாம் என்ற பயம் அவர் தலைக்கு மேல் தொங்கியது. குளிர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அவருக்கு அது மரண தண்டனைக்குச் சமம்.

இதிலும் ஒரு முரண் உண்டு. அவரும் நிலம் வாங்கிய வெள்ளைக்காரர்தான். வேலையாட்கள் சூழ, பெரிய வீட்டில் தலைவர்போல வாழ்ந்தவர்தான். அவருடைய எதிர்ப்பால் வல்லரசுகளின் கணக்கும் மாறவில்லை. 1893-ல் போர் மூண்டு மதாஃபா தோற்றார். தொலைதூர மார்ஷல் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அவருடைய ஆதரவுத் தலைவர்கள் ஆப்பியா சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

அப்படியானால் அவரை ஏன் சமோவா ஏற்றுக்கொண்டது?

தோற்ற பக்கத்தை அவர் கைவிடவில்லை. சிறைக்கே போய் அந்தத் தலைவர்களைப் பார்த்தார். புகையிலை, காவா பானத்துக்கான வேர், உணவு எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார். சமோவா மொழியை உட்கார்ந்து படித்தார். அவருடைய ‘பாட்டில் பூதம்’ கதை 1891-ல் அந்த மொழியில் மிஷனரி இதழ் ஒன்றில் வந்தது. அவர் பணமெல்லாம் அந்தப் பூதம் கொடுத்ததுதான் என்று நம்பி, வீட்டுக்கு வந்தவர்கள் பாட்டிலைக் காட்டச் சொன்னதாகவும் கதை உண்டு. ‘துசித்தாலா’, அதாவது கதை எழுதுபவர் என்ற பெயரும் வந்தது.

1894-ல் விடுதலையான தலைவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். வைலிமா வீட்டையும் பொதுச் சாலையையும் இணைக்க, கூலி வாங்காமல் தாங்களே சாலை போட்டுத் தந்தார்கள். சமோவாவில் தலைவர்கள் மண்வெட்டி பிடிப்பது சாதாரண விஷயம் இல்லை. அன்பு நெஞ்சங்களின் சாலை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

எப்படி முடிந்தது?

சாலை முடிந்து சில வாரங்கள்தான். 1894 டிசம்பர் 3 மாலை, ஃபேனியுடன் பேசிக்கொண்டிருந்தபோதே ஸ்டீவன்சன் சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. வயது 44. வாழ்நாள் முழுக்க பயமுறுத்திய நுரையீரல் அல்ல, வேறொன்று வந்து உயிரை எடுத்தது.

வயேயா மலை உச்சியில் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அங்கே பாதையே கிடையாது. சமோவா மக்கள் ஓய்வில்லாமல் காட்டை வெட்டி வழி செய்தார்கள். மறுநாள் உடலைத் தோளில் சுமந்து மேலே கொண்டுபோனார்கள். 1914-ல் கலிபோர்னியாவில் இறந்த ஃபேனியின் சாம்பலும் அடுத்த ஆண்டு அங்கேயே வந்து சேர்ந்தது.

இன்று?

வல்லரசுகள் 1899-ல் சமோவாவைப் பங்கு போட்டுக்கொண்டன. மேற்குப் பகுதி ஜெர்மனிக்குப் போய், பிறகு நியூசிலாந்து கைக்கு மாறி, 1962 ஜனவரி 1 அன்று விடுதலை பெற்றது. ஸ்டீவன்சன் வீட்டில் ஜெர்மன் ஆளுநரும் நியூசிலாந்து நிர்வாகிகளும் மாறி மாறிக் குடியிருந்தார்கள். இப்போது அது அருங்காட்சியகம். சமோவாவின் பெரும்பகுதி நிலம் இன்றும் பெருங்குடும்பங்களின் வழக்கப்படியே இருக்கிறது; அதை விற்க முடியாது.

அங்கே அவர் வாழ்ந்தது 5 ஆண்டுகள்கூட இல்லை. நிலத்தைக் காசு கொடுத்து வாங்கினார். வீட்டையும் காசு கொடுத்துக் கட்டினார். வீட்டுக்கு வந்த சாலைக்கும் கல்லறைக்குப் போகும் பாதைக்கும் மட்டும் அவர் காசு கொடுக்கவில்லை. அவை இரண்டும் ஊர்க்காரர்கள் போட்டுக் கொடுத்தவை.