கைக்குட்டை தந்த பாடம்

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் பல தெருக்களில் ஒரு பலகை தொங்குகிறது. மாண்டிசோரி பள்ளி என்று அதிலே எழுதியிருக்கிறது. உயர்ந்த கட்டணம், பளபளக்கும் சீருடை, வாசலிலே கார்களின் வரிசை! ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளத் தோழன் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்க்கிறான். நமக்கெங்கே இதெல்லாம் என்று பெருமூச்சு விட்டுப் போகிறான். பெருமூச்சு வேண்டாம், தோழர்களே! அந்தப் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொந்தமான பெயர். எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்லுகிறேன்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டிலே பிறந்தார். பெண்ணுக்கு அடுப்பங்கரையே உலகம் என்றிருந்த காலம். அவரோ மருத்துவம் படிக்கப் புறப்பட்டார். எதிர்ப்புக்கும் ஏளனத்துக்கும் அஞ்சவில்லை. 1896இல் பட்டம் பெற்று, அந்நாட்டின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரானார்.

1898இல் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மணமாகாத தாயைத் தூற்றுவதற்கு ஆயிரம் நாக்குகள் காத்திருந்தன. பெற்ற பிள்ளையை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றிடம் ஒப்படைக்க நேர்ந்தது. பல்லாண்டுகள் கழித்தே மகன் மரியோ தாயிடம் வந்து சேர்ந்தான். தன் பிள்ளையைத் தன் மடியில் வளர்க்க முடியாத அந்தத் தாய்தான், ஊரார் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று உலகுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ரோம் நகரிலே சான் லொரென்சோ என்றொரு பகுதி. ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்பு. அங்கிருந்த பாழடைந்த அடுக்குமாடி வீடுகளை ஒரு கட்டடக் கம்பெனி வாங்கிப் புதுப்பித்துக் குடிவைத்தது. தாயும் தந்தையும் விடியலில் வேலைக்குப் போனால் திரும்புவது இருட்டிய பிறகு. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மாடிப்படிகளில் ஓடினார்கள், சுவரெல்லாம் கிறுக்கினார்கள். கம்பெனிக்குக் கவலை பிறந்தது. பிள்ளைகளைப் பற்றியா? இல்லை, சுவரைப் பற்றி! இவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அம்மையாரை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6ஆம் நாள், ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளுடன் முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. சுவரைக் காப்பதற்காகத் திறந்த கதவு, குழந்தைகளின் மனத்தைத் திறந்தது.

ஒருநாள் அம்மையார் அந்தப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தக் கற்றுக்கொடுத்தார். ஆம், மூக்குச் சிந்தத்தான்! கைக்குட்டையை எப்படி எடுப்பது, ஓசையின்றி எப்படித் துடைப்பது, எப்படி மடித்து வைப்பது என்று செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கக் கூடும் என்று எண்ணினார். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. இமை கொட்டாமல் பார்த்தார்கள்; முடிந்ததும் கை தட்டினார்கள்; அவர் புறப்பட்டபோது நன்றி சொல்லிக்கொண்டே வாசல்வரை பின்தொடர்ந்தார்கள்.

ஏன் இவ்வளவு மகிழ்ச்சி? அம்மையார் சிந்தித்தார். ஒழுகும் மூக்குக்காக அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் திட்டு வாங்கியிருக்கிறார்கள். சனியனே, அசிங்கமே என்ற சொற்களை நம் ஊர்ப் பிள்ளைகளும் கேட்டதுண்டல்லவா? திட்டுவதற்குப் பலர் இருந்தார்கள். எப்படித் துடைப்பது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. முதன்முறையாக ஒருவர் அவர்களை இழிவுபடுத்தாமல் கற்பித்தார். அந்த மரியாதைக்கு விழுந்த கைதட்டல் அது!

இதிலிருந்து அவர் வகுத்த முறை எளியது. நல்ல பழக்கத்தை உபதேசத்தால் ஊட்ட முடியாது. செய்து காட்டித்தான் தர முடியும். கதவை மெல்லச் சாத்துவது, பேசிக்கொண்டிருப்பவர்களின் இடையே புகாமல் காத்திருப்பது, வணக்கம் சொல்வது ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பாடம். சுவரிலே பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் குடும்பக் காட்சிகள், குழந்தைகள், வீட்டு விலங்குகள் கொண்ட படங்களை மாட்டினார். விளையாட்டுக் கருவி ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்றுதான் வைத்தார். அடுத்த பிள்ளை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமை அங்கே பிறக்கிறது. மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே அறையில் இருந்தன. பெரியது சின்னதற்குக் கைகொடுக்கிறது. நட்பு அங்கே பிறக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். 1920களில் முசோலினியின் அரசு தந்த ஆதரவை அம்மையார் ஏற்றுக்கொண்டார். சர்வாதிகாரியின் நிழலில் குழந்தையின் சுதந்திரம் வளருமா? வளரவில்லை. பிள்ளைகளைப் படைவீரர்களாக்கத் துடித்தவனோடு ஒத்துப்போக முடியாமல், 1934இல் நாட்டை விட்டு வெளியேறினார். அவருடைய பள்ளிகள் இத்தாலியில் மூடப்பட்டன.

அந்த அம்மையார்தான் 1939 நவம்பரில் சென்னைக்கு வந்தார். ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, தாம்பரத்திலிருந்து சுமார் பத்துக் கல் தொலைவிலுள்ள அடையாற்றுக்கு, பிரம்மஞான சபைக்கு வந்தார். தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென்று 1894இல் ஆல்காட் பள்ளி திறந்த அதே அடையாறு. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. ஓலைக் கொட்டகைகளில் முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் ஏறக்குறைய 300 பேர் வந்து கற்றார்கள்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. வெள்ளை அரசு மரியோவைப் பகைநாட்டான் என்று பிடித்து அகமதுநகரில் அடைத்தது. தாயைச் சபை வளாகத்துக்குள் இருத்தியது. பிறந்தவுடன் பிரிந்த மகனை மீண்டும் பிரிந்தார் அந்தத் தாய். எழுபதாவது பிறந்தநாளுக்கு மகனை விடுவித்தார்கள். போர் முடியும்வரை இருவரும் இந்நாட்டிலேயே ஆசிரியர்களுக்குக் கற்பித்தார்கள். 1946இல் ஐரோப்பா சென்று, மறு ஆண்டே திரும்பி வந்து மேலும் பணிபுரிந்தார். 1952 மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டிலே அம்மையாரின் வாழ்வு முடிந்தது.

தோழர்களே, நற்பண்பு பணக்காரர் வீட்டுச் சொத்தல்ல. இந்தக் கல்விமுறை தொழிலாளியின் குடியிருப்பிலே பிறந்தது. இன்று அதற்குக் கட்டணச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். மீட்டெடுப்பது நம் கையில் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஒரு படப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். இரவிலே மடியில் உட்காரவைத்துப் பக்கத்தைப் புரட்டுங்கள். பந்தைப் பகிர்ந்துகொள்ளும் சிறுவனின் படம் வந்தால், நீதி சொல்ல அவசரப்படாதீர்கள். பிள்ளை பார்க்கட்டும், பிள்ளையே பேசட்டும். பொழுது விடிந்ததும் அந்தப் படத்தில் கண்டதை உங்கள் நடத்தையில் காட்டுங்கள். மனைவியை மிரட்டும் தகப்பன் வாங்கித்தரும் புத்தகத்திலிருந்து பிள்ளை அன்பைக் கற்காது.

இன்னொன்றும் உண்டு. 1975இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் வந்த அங்கன்வாடி உங்கள் பகுதியிலும் இருக்கும். அங்கே சத்துணவு இருக்கிறதா என்று கேட்கிறோம், சரிதான். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் படப் புத்தகம் இருக்கிறதா? இருந்தால், கிழியுமென்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்களா? அடுத்த கிளைக் கூட்டத்தில் இதையும் கேளுங்கள். சுவரைக் காக்க நினைத்த கம்பெனிக்காரனைப்போல நாமும் புத்தகத்தைக் காத்துவிட்டுப் பிள்ளையை மறந்துவிட வேண்டாம்!