தர்க்கம் படித்தவர் கேட்ட மன்னிப்பு



பொறியியல் படிக்கிற எங்களுக்கு முதலாம் ஆண்டிலேயே ஒரு கட்டம் போடச் சொல்லித் தருவார்கள். உள்ளே போவது 0 அல்லது 1, வெளியே வருவதும் 0 அல்லது 1. அதற்குப் பேர் உண்மை அட்டவணை. நானும் தேர்வுக்காகப் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறேன். இந்த அட்டவணையைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் ஒரு தத்துவ அறிஞர். அவரும் ஒரு காலத்தில் எங்களைப் போலப் பொறியியல் மாணவர்தான். அவர் பெயர் லுட்விக் விட்கன்ஸ்டைன்.

1889 ஏப்ரல் 26-ஆம் நாள் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அப்பா பெரிய எஃகு முதலாளி. பணத்துக்குக் குறைவே இல்லை. பெர்லினில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, 1908-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார். அங்கே பட்டம் பறக்கவிட்டு மேல்வானத்தை ஆராய்ந்தார். விமானத்துக்குப் புது வகைச் சுழல்விசிறி ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமையும் வாங்கினார்.

விசிறி செய்யக் கணிதம் தேவை. கணிதம் படிக்கப் படிக்க, அந்தக் கணிதம் எதன்மேல் நிற்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் ஃப்ரேகே, இங்கிலாந்தில் ரசல் இருவரும், கணிதம் தர்க்கத்தின்மேல் நிற்கிறது என்று காட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். விட்கன்ஸ்டைன் ஃப்ரேகேயைத் தேடிப் போனார். அவர் ரசலிடம் படிக்கச் சொன்னார். 1911-இல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். விமானக் கனவு அதோடு முடிந்தது.

சரி, தர்க்கம்னா என்ன? நம்ம வீட்டுல தர்க்கம் பண்ணாதேன்னா எதிர்த்துப் பேசாதேன்னு அர்த்தம். இவர்கள் சொல்லும் தர்க்கம் வேறு. ஒரு பேச்சிலிருந்து இன்னொரு பேச்சு முறையாகப் பிறக்கிறதா என்று பார்ப்பது அது. கோலாலம்பூர் போகிற எல்லாப் பஸ்ஸும் இந்த நிறுத்தத்தில் நிற்கும். இது கோலாலம்பூர் பஸ். ஆகவே இது இங்கே நிற்கும். கணக்கு சரி. ஆனால் முதல் வாக்கியமே பொய்யாக இருந்தால்? அப்போதும் முறை சரிதான், பஸ் மட்டும் நிற்காது! அப்படியானால் தர்க்கம் உலகத்தைப் பற்றிப் பேசுகிறதா, நம் பேச்சைப் பற்றிப் பேசுகிறதா? இதுதான் விட்கன்ஸ்டைனைத் தூங்கவிடாத கேள்வி.

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. உடல்நிலை காரணமாக விலக்கு இருந்தும், தாமாகவே ஆஸ்திரிய ராணுவத்தில் சேர்ந்தார். போர்முனையிலும் குறிப்பேட்டைக் கைவிடவில்லை. அந்த நாளில் ஒரு பத்திரிகைச் செய்தி அவர் கண்ணில் பட்டது. பாரிஸ் நீதிமன்றத்தில் ஒரு கார் விபத்து வழக்கு. விபத்து எப்படி நடந்தது என்று பொம்மைக் கார்களையும் பொம்மை மனிதர்களையும் வைத்துக் காட்டினார்களாம். அவருக்குப் பொறி தட்டியது. வாக்கியமும் இப்படித்தானே! பொம்மை காரைக் குறிப்பதுபோலச் சொல் ஒரு பொருளைக் குறிக்கிறது. பொம்மைகள் நிற்கும் விதம் நடந்ததைக் காட்டுவதுபோல, சொற்கள் சேரும் விதம் உலகத்தைக் காட்டுகிறது. படம் சரியாக இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் படமாக இருப்பதற்கே, படத்துக்கும் உலகத்துக்கும் பொதுவான ஓர் அமைப்பு வேண்டும். அந்த அமைப்புதான் தர்க்கம் என்றார்.

அதனால் தர்க்கம் மட்டும் நமக்கு எந்தச் செய்தியும் தராது. மழை பெய்கிறது அல்லது பெய்யவில்லை என்று சொன்னால் அது எப்போதும் உண்மை. உண்மை அட்டவணை போட்டால் எல்லாக் கட்டத்திலும் 1 வரும். ஆனால் குடை எடுக்கணுமா வேணாமான்னு அது சொல்லுமா? சொல்லாது. ஜன்னலைத் திறந்துதான் பார்க்கணும்.

இந்தச் சிந்தனை 1921-இல் ஒரு சிறு புத்தகமாக வந்தது. படமாக வரைய முடிந்ததை மட்டுமே சொல்ல முடியும்; நன்மை, அழகு, வாழ்க்கையின் பொருள் இவை சொல்லுக்குள் அடங்காது என்று அதில் வாதிட்டார். வியன்னாவின் சில அறிஞர்கள், அடங்காதது எல்லாம் வெறும் வெத்துப் பேச்சு என்று இவர் சொல்வதாக நினைத்தார்கள். அவருக்கோ அடங்காததுதான் மிக முக்கியம். அந்த அறிஞர்களைச் சந்தித்தபோது சில நாள் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, தாகூரின் கவிதைகளை வாசித்தாராம்.

எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டதாக நம்பியதால், தத்துவத்தை விட்டே விலகினார். அப்பா விட்டுச்சென்ற பெரும் சொத்தை உடன்பிறந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, 1920-இல் ஆஸ்திரிய மலைக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். நன்றாகக் கற்றுக்கொடுத்தார், ஆனால் கோபக்காரர். கணக்கு வராத பிள்ளைகளை அடித்தார். 1926-இல் அவர் அடித்ததில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் மயங்கி விழுந்தான். உடனே வேலையை விட்டுவிட்டார்.

1929-இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். அங்கே ஸ்ராஃபா என்ற இத்தாலியப் பொருளாதார அறிஞர் நண்பரானார். ஒரு நாள் ஸ்ராஃபா விரல் நுனிகளால் தாடையின் அடியை வெளிப்பக்கமாகத் தடவிக் காட்டி, இதற்கு என்ன தர்க்க அமைப்பு என்று கேட்டாராம். நேப்பிள்ஸ் பக்கத்தில் அலட்சியத்தைக் காட்டும் சைகை அது. அது எந்தப் படமும் இல்லை. ஆனால் பார்த்தவனுக்குப் புரிகிறது!

நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொல்றேன். பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும்போது பாட்டியிடம் போயிட்டு வர்றேன் என்கிறேன். திரும்பி வர நான்கு மாதம் ஆகும். போறேன்னு மட்டும் சொன்னா பாட்டிக்கு மனசு கேட்காது. இது தகவல் இல்லை, விடைபெறும் முறை. இதுக்கு அட்டவணை போட்டு உண்மையா பொய்யான்னு பார்க்கிறவனை என்னன்னு சொல்றது? ஒரு சொல்லின் பொருள் பெரும்பாலும் மனிதர்கள் அதை வாழ்க்கையில் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது என்பதுதான் விட்கன்ஸ்டைன் பிறகு கண்டது. முதல் புத்தகத்தில் பெரிய தவறுகள் இருந்தன என்று, அவர் இறந்தபின் 1953-இல் வந்த நூலின் முன்னுரையில் அவரே எழுதி வைத்திருந்தார்.

இன்னொரு தவறும் அவரை விடவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அந்த மலைக் கிராமத்துக்குத் திரும்பிப் போனார். தாம் அடித்த பிள்ளைகளைத் தேடி, வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். சிலர் மனமிரங்கினார்கள். சிலர் இரங்கவில்லை. அப்போது அவர் உலகம் அறிந்த அறிஞர். யாரும் போகச் சொல்லவில்லை.

1939-இல் பேராசிரியரானார். இரண்டாம் உலகப் போரில் வகுப்பை விட்டுவிட்டு, லண்டன் மருத்துவமனையில் மருந்து எடுத்துச் செல்லும் ஊழியராக வேலை செய்தார். 1951 ஏப்ரல் 29-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் புற்றுநோயால் மறைந்தார். வயது 62.

இவரைப் பற்றி ஏன் எழுதினேன்? சென்ற ஆண்டு ஒரு முகாமில் நான்காம் படிவம் படிக்கிற தம்பி ஒருவர் ஏதோ கேட்டார். உன் பேச்சுல லாஜிக்கே இல்லைன்னு எல்லார் முன்னாலும் சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஜெயிச்சேன். அவர் அப்புறம் எங்கள் சந்திப்புக்கு வரவே இல்லை. இப்போது யோசித்தால், அவர் வாதம் செய்யவே இல்லை. தயங்கித் தயங்கி உதவி கேட்டிருக்கிறார். நான்தான் அட்டவணை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை அண்ணே என்றார். மறுபடி வருவாரா என்று தெரியவில்லை. வந்தால், முதலில் அவர் பேசட்டும்.