கார் ஓட்டக் கத்துக்காதவர்... சாலைக்கு விதி எழுதினார்!

சாயங்காலம் ஆறரை மணி. சிக்னல் வேலை செய்யாத நாலு ரோடு சந்திப்பு. பஸ் மூக்கை நீட்டுது, ஆட்டோ குறுக்கே நுழையுது, பைக்குகள் கிடைச்ச சந்துல எல்லாம் புகுந்துடுது. நீங்க நடுவுல மாட்டிக்கிட்டீங்க. அப்போ என்ன செய்வீங்க? ஹாரன் அடிப்பீங்க, யாரையாவது திட்டுவீங்க, அப்புறம் வீட்டுக்கு வந்து மறந்துடுவீங்க. நாம எல்லாரும் அப்படித்தானே!

ஒரு பையன் மட்டும் மறக்கவே இல்லை. அவர்தான் வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ. வயித்து வாயுவுக்குக் குடிக்கிற உப்பு ஞாபகத்துக்கு வருதா? அது வேற, இவர் வேற. போக்குவரத்துப் பாதுகாப்பின் தந்தை என்று அமெரிக்காவில் கொண்டாடப்படுபவர்.

ஒன்பது வயசுல விழுந்த விதை

1858-ல் நியூயார்க்கில் பிறந்தவர் ஈனோ. அப்பா ரியல் எஸ்டேட்டில் கொடிகட்டிப் பறந்த பெரும் பணக்காரர். 1867-ல் ஒருநாள், அம்மாவுடன் குதிரை வண்டியில் போகும்போது நடுரோட்டில் சிக்கிக்கொண்டார். நின்றவை என்னவோ பத்துப் பன்னிரண்டு வண்டிகள்தான். ஆனால், யார் முதலில் நகர வேண்டும் என்று ஓட்டுநர்களுக்கும் தெரியவில்லை, போலீஸுக்கும் தெரியவில்லை.

அந்தப் பையன் மனசுல தங்கினது கோபம் இல்லீங்க, ஒரு கேள்வி. ரோடு போதாம நின்னோமா, ஒழுங்கு இல்லாம நின்னோமா? அந்த ஒரு கேள்விக்குத்தான் பிற்காலத்தில் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தார்.

பார்க்கப் பார்க்கப் பாடம்

யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு, அப்பாவின் தொழிலைப் பார்த்தார். 1898-ல் அப்பா இறந்தார். சொத்துக்குக் குறைவில்லை. ஊர் சுற்றிக் காலம் தள்ளியிருக்கலாம். இவரோ தெருவைப் படிக்க ஆரம்பித்தார். அப்போது அதற்குப் பாடப்புத்தகமும் கிடையாது, பட்டமும் கிடையாது. தெருதான் வகுப்பறை.

அந்த நேரத்தில் ஊர் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? 1899-ல் நியூயார்க்கில், டிராம் வண்டியிலிருந்து இறங்கிய ஒருவர் மீது எலெக்ட்ரிக் டாக்ஸி மோதியது. மறுநாள் அவர் இறந்துபோனார். அமெரிக்காவில் மோட்டார் வாகனம் மோதி இறந்தவர் என்று பதிவான முதல் மனிதர் அவர்தான். குதிரை ஓடிய தெருவில் மோட்டார் நுழைந்துவிட்டது. தெரு மட்டும் மாறவில்லை.

1900-ல் 'ரைடர் அண்ட் டிரைவர்' பத்திரிகையில், தெருப் போக்குவரத்தில் உடனடிச் சீர்திருத்தம் வேண்டும் என்று எழுதினார் ஈனோ. எழுதியதோடு நிற்கவில்லை. அவர் வகுத்த விதிகளை 1903-ல் நியூயார்க் போலீஸ் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

என்ன பெரிய விதிகள்? மெதுவாகப் போகிற வண்டி ஓரமாகப் போகணும். நிறுத்தும் முன்னால் கையையோ சாட்டையையோ உயர்த்திப் பின்னால் வருகிறவருக்குக் காட்டணும். எதிர்த் தடத்தைக் கடந்து திரும்பும்போது மூலையை வெட்டிக்கொண்டு போகாமல், சந்திப்பின் நடுப்பகுதியைச் சுற்றித் திரும்பணும். இன்னிக்கு நமக்கு இதெல்லாம் சாதாரணம். அன்னிக்கு இதை யாராவது எழுதி வைக்க வேண்டியிருந்தது.

1905-ல் கொலம்பஸ் சர்க்கிள் சந்திப்பில், எல்லா வண்டிகளும் ஒரே திசையில் சுற்றிப் போகும் அவருடைய திட்டம் அமலுக்கு வந்தது. ஒருவழிப் பாதை, பாதசாரிகள் நடுரோட்டில் பத்திரமாக நிற்பதற்கான திட்டு... இவற்றைப் பரப்பிய பெருமையும் அவருக்கு உண்டு. டிராமிலிருந்து இறங்குகிறவர் எங்கே நிற்பார் என்ற கேள்விக்குப் பதில், அந்தச் சின்னத் திட்டுதான்!

ஸ்டீயரிங் பிடிக்காத கை

இவ்வளவு செய்தவர், கடைசிவரை கார் ஓட்டவே கற்றுக்கொள்ளவில்லை. குதிரைதான் அவருக்குப் பிரியம். இது குறையா? எனக்கென்னவோ அதுதான் அவர் பலம்னு தோணுது. ஓட்டுகிறவருக்கு, தனக்கு முன்னால் இருக்கிற இடைவெளி மட்டும்தான் தெரியும். ஓரமா நின்னு பார்க்கிறவருக்கு முழு ரோடும் தெரியும்.

இன்று 'ரோடு சேஃப்டி ஆடிட்' என்று சொல்கிறார்களே, அதன் அடிப்படையும் இதேதான். சாலையை வடிவமைத்தவர்களே அதைச் சோதிக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு குழு வரணும். பகலிலும் பார்க்கணும், ராத்திரியிலும் பார்க்கணும். நடக்கிறவர், சைக்கிளில் போகிறவர், வயசானவர், குழந்தை என்று ஒவ்வொருவர் கண்ணாலும் பார்க்கணும். விபத்து நடந்த பிறகு யார் தப்பு என்று தேடுவது அல்ல, நடக்கும் முன்னால் எங்கே நடக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் ஆடிட். இந்தியாவிலும் இதற்கென இந்தியன் ரோடு காங்கிரஸ் 2010-ல் கையேடு வெளியிட்டது.

இன்னொரு விஷயம். ஆரம்பகால ரவுண்டானாக்கள் பலவற்றில் உள்ளே நுழைகிற வண்டிக்கே முன்னுரிமை. கூட்டம் அதிகமானதும் சுற்றுகிற வண்டிகள் வெளியேற முடியாமல் பூட்டிக்கொண்டன. 1966-ல் பிரிட்டன்தான், சுற்றுகிற வண்டிக்கே முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்கணும் என்று விதியைத் திருப்பிப் போட்டது. ஈனோ நம்பிய யோசனையைக்கூட மறுபடி பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. ஒருமுறை பார்த்ததும் முடிந்துவிடுகிற வேலை இல்லை இது.

1921-ல் போக்குவரத்து ஆய்வுக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார் ஈனோ. 1945-ல் தன் 87-வது வயதில் மறைந்தார். அந்த அமைப்பு இன்றும் வாஷிங்டனில் இயங்குகிறது.

உங்க தெருவுக்கு நீங்கதான் ஈனோ

இந்த ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுப் பக்கத்துச் சந்திப்புல அரை மணி நேரம் சும்மா நில்லுங்க. மக்கள் ஜீப்ரா கோட்டுலயா கடக்கிறாங்க, இல்ல வேற இடத்துலயா? வேற இடம்னா, ஏன்? நடுத்தடுப்புல எங்கே உடைஞ்சிருக்கு, எங்கே வண்டி உரசின தழும்பு இருக்கு? பள்ளிக்கூடப் பிள்ளை உயரத்துக்குக் குனிஞ்சு பாருங்க, நிறுத்தியிருக்கிற காரைத் தாண்டி எதிரே வர்ற வண்டி தெரியுதா? இருட்டினதும் இன்னொரு தடவை வந்து பாருங்க. பார்த்ததை எழுதி, போட்டோவோட உள்ளாட்சி அலுவலகத்துல கொடுங்க.

அடுத்த தடவை நெரிசல்ல மாட்டும்போது ஹாரன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி, அந்த ஒன்பது வயசுப் பையனோட கேள்வியை ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்!