இடைச்சொல்லோடு மல்லுக்கு நின்ற பாதிரியார்

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் விஸ்தாரமாக நடக்கும். வருஷக் கடைசியில், பரீட்சை நெருங்கும் சமயத்தில், பிரிபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். 'இன்' எங்கே, 'ஆன்' எங்கே, 'அட்' எங்கே என்று கேட்டால், படிக்கப் படிக்கப் பழகிவிடும் என்று பதில் வரும். அந்தச் சின்னச் சொற்களுக்கு அர்த்தம் என்ன என்று கேட்பார் இல்லை.

கேட்ட மனிதர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அதுவும் சிறைச்சாலையில் இருந்துகொண்டு கேட்டார். அவர்தான் ஜான் ஹார்ன் டூக்.

லண்டனில் கோழி, வாத்து விற்கும் வியாபாரி ஒருவரின் மகனாக 1736ஆம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் லேசுப்பட்ட ஆசாமி அல்ல. பக்கத்து அரண்மனையில் வசித்த பட்டத்து இளவரசரின் ஆட்கள், அவரைக் கேளாமல் அவருடைய மதில் சுவரை இடித்து வாசல் வைத்துவிட்டார்கள். கோழிக்காரர் கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். ஜெயித்த பிறகு, இளவரசர் அந்த வாசலைத் தாராளமாக உபயோகிக்கலாம் என்று தாமே அனுமதியும் கொடுத்தார்! இந்த ரத்தம்தான் மகனுக்கும்.

பிரபுக்களின் பிள்ளைகள் படித்த ஈட்டன் பள்ளிக்கூடத்தில் பையனைச் சேர்த்தார்கள். அப்பா என்ன தொழில் என்று சகமாணவர்கள் கேட்டபோது, 'டர்க்கி' வியாபாரி என்று அவன் சொன்னானாம். துருக்கி தேசத்தோடு வியாபாரம் செய்யும் பெரிய வர்த்தகர் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இங்கிலீஷில் வான்கோழிக்கும் 'டர்க்கி' என்றுதான் பெயர். பையன் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்குள் எத்தனை அறைகள் உண்டு என்பது அந்த வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. அதே பள்ளிப் பருவத்தில் ஒரு சண்டையில் வலக்கண் பார்வை போயிற்று.

கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று, தகப்பனார் விருப்பப்படி 1760இல் பாதிரியாரானார். அவர் மனமோ வக்கீல் தொழிலிலும் அரசியலிலும் இருந்தது. ஜான் வில்க்ஸ் என்ற கிளர்ச்சிக்காரருக்காக 1768 தேர்தலில் ஓடியாடி வேலை செய்தார். இரண்டொரு வருஷத்தில் அவரோடும் சண்டை. 1773இல் பாதிரியார் பதவியை உதறிவிட்டுச் சட்டம் படிக்கத் தொடங்கினார்.

1775 ஏப்ரல் 19ஆம் தேதி அமெரிக்காவில் லெக்சிங்டன், கான்கர்டு என்ற ஊர்களில் பிரிட்டிஷ் துருப்புகளுக்கும் குடியேற்ற மக்களுக்கும் மோதல் நடந்தது. அமெரிக்க யுத்தத்தின் முதல் வெடி அதுதான். அந்த ஜூன் மாதம் லண்டன் பத்திரிகைகளில் ஓர் அறிவிப்பு வந்தது. மன்னரின் துருப்புகள் அங்கே கொலை செய்த மக்களின் விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் வயோதிகப் பெற்றோருக்கும் நூறு பவுன் நிதி சேர்த்திருக்கிறோம், அதை பெஞ்சமின் பிராங்க்ளினிடம் சேர்ப்போம் என்பது அதன் சாரம். கீழே கையெழுத்துப் போட்டவர் ஹார்ன்.

தருமம் செய்ததற்காகச் சர்க்கார் கோபிக்கவில்லை. கொலை என்ற சொல்லுக்காகக் கோபித்தது. வழக்கு 1777 ஜூலை 4ஆம் தேதி பிரதம நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் முன் நடந்தது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து அன்றைக்குச் சரியாக ஒரு வருஷம்! ஹார்ன் தாமே வாதாடினார், தோற்றார். ஒரு வருஷச் சிறைவாசம், இருநூறு பவுன் அபராதம்.

இனிதான் இலக்கணம் வருகிறது. குற்றப் பத்திரிகையில், அவருடைய அறிவிப்பு மன்னரின் அரசாங்கத்தையும் துருப்புகளை உபயோகித்ததையும் பற்றியது என்று எழுதியிருந்தது. இங்கிலீஷில் அதற்கு 'ஆஃப்', 'கன்ஸர்னிங்' என்ற இரண்டு பிரிபொசிஷன்கள். பற்றியது என்று எழுதினால் போதுமா, இன்னது நடந்தது என்று நேரடியாகச் சொல்ல வேண்டாமா என்று அவர் தரப்பில் ஆட்சேபித்தார்கள். போதும் என்றது கோர்ட். பிரபுக்கள் சபையும் 1778இல் அதையே உறுதி செய்தது.

விவாதத்தில் ஒரு பழைய வழக்கும் அடிபட்டது. குரூக் என்பவன் மீது போலிப் பத்திர வழக்கு இருக்கிறது என்று தெரிந்தும் ஒருத்தி இன்ன காரியம் செய்தாள் என்பது அதில் கண்ட குற்றச்சாட்டு. அந்த 'என்று'தான் இங்கிலீஷில் 'தட்' என்ற கன்ஜங்ஷன். குரூக் மீது வழக்கு இருந்தது என்பதை அந்த வாக்கியம் சாதிக்கிறதா, இல்லையா?

சிறையில் இருந்தபடியே ஹார்ன் தம் வக்கீல் டன்னிங்குக்கு ஒரு கடிதம் எழுதி 1778இல் அச்சிட்டார். இரண்டு பிரிபொசிஷனும் ஒரு கன்ஜங்ஷனும் சேர்ந்து தம்மைப் பலிகொண்டன என்பது அவர் புகார். 'தட்' என்பது வேறொன்றும் அல்ல, 'அது' என்ற சுட்டுச்சொல்லே என்றார். வாக்கியத்தைப் பிரித்துப் போட்டுக் காட்டினார்: குரூக் மீது வழக்கு இருந்தது; அதைத் தெரிந்துகொண்டு அவள் இன்னது செய்தாள். சின்னச் சொல்லைப் பிளந்ததும் உள்ளே ஒரு முழு வாக்கியம்!

அக்காலத்துப் பண்டிதர்கள் இதை ஒப்பவில்லை. ஜேம்ஸ் ஹாரிஸ் 1751இல் எழுதிய இலக்கண நூலில், இத்தகைய சொற்களுக்குத் தமக்கென அர்த்தம் கிடையாது, மற்றச் சொற்களை ஒட்டவைக்கும் பசைதான் என்பதுபோல் சொல்லியிருந்தார். அர்த்தமில்லாத சொல்லுக்காகவா நான் ஜெயிலில் கிடந்தேன் என்ற ஆத்திரம் ஹார்னின் எழுத்தெங்கும் தெரிகிறது.

விடுதலையான பின் வக்கீலாக விண்ணப்பித்தார். ஒரு தடவை பாதிரியாரானவருக்கு இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். நண்பர் வில்லியம் டூக்குக்கு லண்டனுக்குத் தெற்கே பர்லியில் பண்ணை வீடு இருந்தது. அவர் விருப்பப்படி 1782இல் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டு ஹார்ன் டூக் ஆனார். அந்த வீட்டில் நடக்கும் சம்பாஷணையாகவே, பர்லியின் பொழுதுபோக்குகள் என்ற பெரிய நூலை எழுதினார். முதல் பாகம் 1786இல் வந்தது, இரண்டாவது 1805இல்.

பெயரும் வினையுமே பாஷைக்கு அவசியம். மற்றவை எல்லாம் அவசரத்தில் பேசிப் பேசித் தேய்ந்துபோன பெயரும் வினையும்தான் என்பது அவர் சித்தாந்தம். 'இஃப்' என்பது 'கொடு' என்ற பழைய வினை என்றார். 'த்ரூ' என்பது கதவு என்றார். இன்டர்ஜெக்ஷனுக்கு மட்டும் அவரிடம் இரக்கமே இல்லை. ஐயோ, அடடா என்பதெல்லாம் தும்மல், இருமலோடு சேர்ந்தவை, பேச்சில் சேர்த்தியில்லை என்று தள்ளிவிட்டார். சட்டப் புத்தகத்தில் இன்டர்ஜெக்ஷனைத் தேடினால் கிடைக்காது என்று அவர் சொன்னது என்னமோ உண்மை!

அவர் சொன்ன மூலங்களில் பல தவறு. 'இஃப்'புக்கும் கொடுப்பதற்கும் சம்பந்தமில்லை. 'த்ரூ'வில் கதவும் கிடையாது. அவரை நம்பி அமெரிக்க அகராதிக்காரர் வெப்ஸ்டரும் வழி தவறினார். ஆனால் 'பட்'டில் வெளியே என்ற பொருள் ஒளிந்திருக்கிறது என்றது சரி. 'பிகாஸ்' என்பதில் காரணம் என்ற பெயர்ச்சொல் இருப்பது பார்த்தாலே தெரியும். முழுச்சொல் தேய்ந்து இலக்கணச் சொல்லாகும் என்ற அடிப்படையை மொழி நூலார் இன்று ஏற்கிறார்கள். அந்த மாற்றத்துக்குப் பிரெஞ்சு அறிஞர் மெய்யே 1912இல் பெயர் சூட்டினார். டூக் இறந்து அப்போது நூறு வருஷம்.

தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியம் குறைவு. 'பற்றி' என்பதில் பற்றுவதும், 'கொண்டு' என்பதில் கொள்வதும், 'வீட்டிலிருந்து' என்பதில் இருப்பதும் நமக்குக் கண்ணெதிரே தெரிகின்றன. 'தட்' வரவேண்டிய இடத்தில் நாம் போடும் 'என்று' என்பதே, சொல்லுதல் என்ற பொருளுள்ள வினையின் எச்சம்தான். டூக் தமிழ் படித்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

சின்னச் சொல் அவரை மறுபடியும் துரத்தியது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு மிரண்டிருந்த சர்க்கார், டூக்குக்கு வந்த கடிதம் ஒன்றைப் பிடித்தது. வியாழக்கிழமைக்குள் தயாராக முடியுமா என்று அதில் ஒரு கேள்வி. ஆயுதக் கிளர்ச்சிக்குத்தான் நாள் குறிக்கிறார்கள் என்று மந்திரிகள் முடிவு கட்டினார்கள்! பிரதம மந்திரியும் அவர் சுற்றத்தாரும் வாங்கும் பதவி, மானியங்களின் பட்டியலைத் தயாரிப்பது பற்றிய கேள்விதான் அது. டூக்கை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்து, ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். ருசுவானால் மரண தண்டனை. விசாரணையில் அவர் பிரதம மந்திரி பிட்டையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். முன்னொரு காலத்தில் தாமும் சீர்திருத்தக் கூட்டத்துக்குப் போனதுண்டு என்று பிட் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நவம்பர் 22ஆம் தேதி ஜூரிகள் சில நிமிஷங்களில் விடுதலை என்றார்கள்.

1801இல் பார்லிமெண்ட் மெம்பரானார். குடியிருப்பவரே அநேகமாக இல்லாத ஓல்டு சாரம் என்ற வெறும் மேட்டின் பிரதிநிதியாக! தேர்தல் சீர்திருத்தம் பேசியவருக்கு இது அழகல்லதான். பாதிரியார்கள் மெம்பராகக் கூடாது என்று அந்த வருஷமே சட்டம் செய்தார்கள். 2001ஆம் ஆண்டுதான் அந்தத் தடை நீங்கியது.

கடைசிக் காலத்தில் விம்பிள்டனில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நண்பர்களுக்கு விருந்து வைத்துக்கொண்டு இருந்தார். வீட்டுத் தோட்டத்திலேயே தமக்குக் கல்லறையும் கட்டி வைத்திருந்தார். 1812 மார்ச் 18ஆம் தேதி காலமானார். உடலை அந்தக் கல்லறையில் வைக்கவில்லை. ஈலிங் மாதா கோவிலில் அடக்கம் செய்தார்கள்.