சிகரத்தில் பெயர் இல்லாதவர்

சர்வே பிராக்டிகலில் சங்கிலி பிடித்து வெயிலில் வாடும் நண்பர்களே! நமக்கெல்லாம் முன்னோடி ஒருத்தர் உண்டு. அவர்தான் வில்லியம் லாம்டன்.

யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்து, பட்டாளத்தோடு இந்தியா வந்தவர். துருவங்களில் பூமி எவ்வளவு தட்டை என்று கணக்கிட்டே ஆகணும் என்பது அவரது தாகம். 1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்தார். நம்ம கொங்கு மண்ணிலும் பச்சாபாளையத்தில் முகாம் போட்டு, நட்சத்திரம் பார்த்து அட்சரேகை குறித்தார்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தில் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வளைஞ்சு போச்சு. மனுசர் அசரவில்லை. ஆறு வாரம் கூடாரத்திலேயே இருந்து, தன் கையாலேயே சரி செய்தார்.

1823 ஜனவரியில், வேலைக்கு நடுவிலேயே, வார்தா அருகே இங்கன்காட்டில் இறந்தார். உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் பணியைத் தொடர, முக்கோண வலை இமயத்தைத் தொட்டது. 1852-ல் ராதாநாத் சிக்தர் போட்ட கணக்கில் உலகின் உயரமான சிகரம் தெரிந்தது. 1865-ல் அதற்கு எவரெஸ்ட் பெயர் வைத்தார்கள்.

லாம்டனுக்கு மிஞ்சியது இங்கன்காட்டில் ஒரு கல்லறை. ஆனாலும் அந்த உயரத்துக்கு முதல் சங்கிலி விழுந்தது நம்ம பரங்கிமலையில்தான். அடுத்த தடவை ரீடிங் தப்பினால் சலிக்காமல் திரும்ப எடுங்கள், நண்பர்களே!